பால்கனியில் மூன்றடுக்கு மண் கம்போஸ்டர்: வாங்கலாமா, வேண்டாமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் அதோடு போகலாம். வாங்கலாம். வீட்டில் மூன்று நான்கு பேர், தினமும் சமையல், ஓரளவு காற்றோட்டமான பால்கனி, கூடவே காய்ந்த இலை விழும் தெரு, இவ்வளவும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ தொடர்ந்து கிடைக்க வழியே இல்லை என்றால் வாங்காதீர்கள். அது இல்லாமல் இந்தத் தொட்டி நாறத்தான் செய்யும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி.

நான் சொல்வது சமையலறைக் கழிவை மக்க வைத்து உரமாக்குவதற்காகச் சுட்ட மண்ணில் செய்த, ஒன்றின்மேல் ஒன்றாக உட்காரும் மூன்று பானைகளை. உச்சியில் ஒரு மூடி. என்னிடம் இருப்பதில் மேல் இரண்டு பானைகளின் அடிப்பக்கம் திறந்திருக்கும், குப்பை கீழே விழாமல் கயிற்று வலை கட்டியிருப்பார்கள். அடிப்பானைக்கு மட்டும் மூடிய அடி. பக்கவாட்டில் காற்றுத் துளைகள். இந்த மாதிரித் தொட்டிகளைப் பெரிய அளவில் பரப்பியது பெங்களூரின் டெய்லி டம்ப் நிறுவனம். பூனம் பீர் கஸ்தூரி என்ற வடிவமைப்பாளர் 2006ல் தொடங்கியது. அவர்கள் இதற்கு 'கம்பா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இப்போது அதே மாதிரியில் பல ஊர்களில் பலர் செய்து விற்கிறார்கள். நான் வாங்கியது அவர்களிடம் அல்ல, எங்கள் பக்கத்தில் செடி, உரம் விற்கும் ஒரு கடையில். மூவாயிரம் ரூபாயை ஒட்டி ஆனது.

எதற்கு இந்தச் செலவு என்று கேட்பவர்களுக்கு: நாங்கள் இருப்பது சென்னை மடிப்பாக்கம். பெருங்குடி குப்பைக் கிடங்கு எங்களுக்குச் செய்தித்தாளில் படிக்கிற விஷயம் கிடையாது, காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் ஜன்னலைச் சாத்த வேண்டிய விஷயம். 2022 ஏப்ரல் கடைசியில் அந்தக் கிடங்கு பற்றி எரிந்தபோது நாள்கணக்கில் புகை. சென்னையில் ஒரு நாளைக்கு 5000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது, தென்சென்னைக் குப்பை பல வருடங்களாகப் பெருங்குடிக்கும் வடசென்னைக் குப்பை கொடுங்கையூருக்கும்தான் போய்க்கொண்டிருந்தது. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் அதே 2022ல் சேர்ந்த இடம். பழைய குப்பை மலையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கிற வேலை நடந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் நாம் தினமும் கொட்டுவதை நிறுத்தாமல் பழசை மட்டும் தோண்டி என்ன ஆகப்போகிறது? நம் வீட்டுக் குப்பையில் பாதி அளவுக்குக் காய்கறித் தோலும் மிச்சச் சோறும்தான். அது கிடங்கில் காற்றுப் புகாமல் அமுங்கி அழுகும்போதுதான் மீத்தேன் உண்டாகிறது, அந்த வாயுதான் இப்படிப்பட்ட தீயை அணைக்க விடாமல் இழுத்தடிக்கிறது. அதே தோல் காற்றுப் படும்படி மக்கினால் மீத்தேனுக்கு அநேகமாக இடமே இல்லை, மண் வாசனையோடு உரமாகிவிடும். எனக்கு இந்தத் தொட்டி பிடித்துப்போக முதல் காரணம் இதுதான், செடிக்கு உரம் கிடைப்பது அப்புறம்.

சரி, தொட்டிக்கு வருவோம்.

தினமும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அன்றைய காய்கறிக் கழிவை மேல் பானையில் போட்டு, அதே அளவுக்குக் காய்ந்த இலைச் சருகு போட்டு மூட வேண்டும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு குச்சியாலோ சிறிய கொத்தாலோ கிளற வேண்டும். மேல் பானை நிரம்பியதும் அதை நடுவில் வைத்துவிட்டு, நடுவில் இருந்த காலிப் பானையை மேலே ஏற்ற வேண்டும். அதுவும் நிரம்பினால் முதல் பானையில் இருப்பதை அடிப்பானையில் கொட்டிவிட்டு மறுபடி சுழற்சி. எல்லாம் சரியாகப் போனால் ஆரம்பித்து இரண்டரை, மூன்று மாதத்தில் அடிப்பானையில் கறுப்பாக, உதிரியாக உரம் இருக்கும். ஆரம்பிக்கும்போது மட்டும் அடியில் ஒரு கை பழைய உரமோ மாட்டுச்சாணமோ போட்டால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். புளித்த மோர் தெளிப்பவர்களும் உண்டு, அதுவும் வேலை செய்கிறது. கடையில் பாட்டிலில் விற்கிற நுண்ணுயிர்க் கரைசல் கட்டாயம் இல்லை. கடைக்காரர் அதையும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்ப்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மண் என்பதால் என்ன லாபம்? பூச்சு இல்லாத சுட்ட மண் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். நம் சமையலறைக் கழிவில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான், அதை இந்தச் சுவர் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிடுகிறது. துளை போட்ட பிளாஸ்டிக் பக்கெட்டிலும் உரம் ஆகும், செலவும் கிடையாது, ஆனால் அதில் மூடியின் உட்புறம் வியர்த்து அந்தத் தண்ணீர் திரும்பக் குப்பையிலேயே சொட்டும். சருகை இன்னும் தாராளமாகப் போட வேண்டியிருக்கும். பணம் போட யோசிப்பவர்கள் முதலில் ஒரு பழைய பக்கெட்டில் துளை போட்டு ஆரம்பியுங்கள், கிளறுவதும் சருகு சேர்ப்பதும் பழக்கத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு மண் தொட்டிக்கு மாறலாம்.

சருகைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எந்தக் கடையும் இதை அழுத்திச் சொல்வதில்லை. மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குக் கார்பனும் நைட்ரஜனும் வேண்டும், நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு. பச்சைக் காய்கறிக் கழிவில் நைட்ரஜன் தூக்கல். சருகு, மரத்தூள், நார்த்தூள், கிழித்த அட்டைப்பெட்டி, இவற்றில் கார்பன் தூக்கல். இரண்டையும் கலந்தால்தான் கணக்கு நேராகும். சருகுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, குப்பைக்கு நடுவே இடைவெளி விட்டுக் காற்றை உள்ளே வைத்திருப்பது. அதனால்தான் நார்த்தூளை மட்டுமே போடுகிறவர்களுக்குச் சில நேரம் கலவை களிமாதிரி அமுங்கிவிடுகிறது, கொஞ்சம் சருகு கலந்தால் சரியாகிவிடும். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும் 5 கிலோ நார்த்தூள் கட்டி எல்லா நர்சரியிலும் கிடைக்கும், அதைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு, சருகை முதன்மையாகப் பயன்படுத்துவதுதான் என் சிபாரிசு.

எந்தச் சருகு என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. வேப்பிலை, புங்கை, தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலைகள் அருமை, அப்படியே போடலாம். மாவிலையும் வாதுமை இலையும் தோல்மாதிரி தடிப்பு, அவற்றை ஒரு சாக்கில் கட்டி மிதித்து நொறுக்கினால்தான் சீக்கிரம் மக்கும். எங்கள் தெருவைப் பெருக்கும் அக்காவிடம் இலையை மட்டும் தனியாகத் தர முடியுமா என்று கேட்டேன். "இத எரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அள்ளிட்டுப் போய்ப் போடவும் எடமில்ல. நீ ஒரு சாக்கு மட்டும் வெச்சிரும்மா, நானே ரொப்பித் தரேன்" என்றார். அவருக்கு ஒரு சுமை குறைந்தது, எனக்கு ஒரு செலவு குறைந்தது. உங்கள் தெருவிலும் கேட்டுப் பாருங்கள், மரம் இருக்கிற தெருவில் சருகைக் காசு கொடுத்து வாங்க அவசியமே இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டும்போது வருடம் முழுவதற்கும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் கிடைக்கும் ஈர இலை இதற்கு உதவாது.

எதைப் போடலாம்? காய்கறித் தோல், பழத்தோல், கீரைக் காம்பு, டீத்தூள், காப்பிச் சக்கை, சாமிக்குப் போட்ட பூ எல்லாம் போடலாம். பூவில் நைலான் நூல் இருந்தால் உருவிவிடுங்கள், வாழைநாரில் தொடுத்ததென்றால் அப்படியே போடலாம். முட்டை ஓட்டைக் கையால் பொடித்துப் போடுங்கள், முழுசாகப் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மாங்கொட்டை, தேங்காய் ஓடு, கரும்புச் சக்கை வேண்டவே வேண்டாம். சாம்பாரில் மென்று போட்ட முருங்கைச் சக்கை மெதுவாகத்தான் மக்கும், கடைசியில் சலிக்கும்போது மேலே நிற்பது அதுவாகத்தான் இருக்கும், திரும்ப மேல் பானைக்கே அனுப்பிவிடுங்கள். எலுமிச்சைத் தோல் ஓரிரண்டு பரவாயில்லை, ஊறுகாய் போட்ட அன்று மொத்தமாகக் கொட்டாதீர்கள். சாதம், இட்லி மாதிரி சமைத்ததைக் கொஞ்சமாக, நிறையச் சருகோடு போடலாம். குழம்பு, எண்ணெய்ப் பண்டம், தயிர்ச்சாதம் வேண்டாம். மீன் முள்ளும் கோழி எலும்பும் இந்த அளவுத் தொட்டியில் போடவே கூடாது. பெரிய குவியலில் 50, 60 டிகிரி வரை சூடு ஏறும், இந்தச் சின்னப் பானையில் அவ்வளவு ஏறாது. எலியும் பூனையும் தேடி வந்துவிடும்.

சூடு ஏறாததால் இன்னொன்றும் நடக்கும். தக்காளி, பூசணி, பப்பாளி விதைகள் சாகாமல் இருந்து, உரம் போட்ட தொட்டியில் எல்லாம் முளைக்கும். சிலருக்கு அது தொல்லை. எங்கள் வீட்டில் அப்படித் தானாக முளைத்த தக்காளிச் செடி ஒன்று நன்றாகவே காய்த்தது.

தொட்டியில் போடுவதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது, அதை மறந்துவிடக் கூடாது. பீர்க்கங்காய்த் தோலில் துவையல், தர்பூசணியின் வெள்ளைப் பகுதியில் கூட்டு, முளைக்கீரைத் தண்டைக் குழம்பில் போடுவது, இதெல்லாம் நம் பாட்டிமார்கள் குப்பைக் கணக்குப் பார்த்துச் செய்யவில்லை, ருசிக்காகச் செய்தார்கள். கோடையில் தர்பூசணித் தோலை முழுதாக உள்ளே போட்டால் அந்தப் பானை ஒரே நாளில் சொதசொதவென்று ஆகிவிடும், அவ்வளவு தண்ணீர் அதில். வெள்ளைப் பகுதியைச் சமையலுக்கு எடுத்துவிட்டு, பச்சைத் தோலைச் சின்னதாக நறுக்கி, அரை நாள் வெயிலில் போட்ட பிறகு சேர்த்தால் பிரச்சினையே இல்லை.

அடுத்தது பூச்சி. இதில்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள், அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: புழு வரும். ஒருநாள் மூடியைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் தட்டையான புழுக்கள் நெளியும், முதல்முறை பார்ப்பவருக்கு வயிற்றைப் புரட்டும். அவை பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழுக்கள். கடிக்காது, நோய் பரப்பாது, வளர்ந்த ஈ நம் சாப்பாட்டைத் தேடி வருவதும் இல்லை. குப்பையை மற்ற எதையும்விட வேகமாகத் தின்று தீர்ப்பவை அவைதான். பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் நிறையச் சருகும் நார்த்தூளும் போட்டு உலர்த்தினால் குறைந்துவிடும். பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள், நுண்ணுயிரும் சேர்ந்து போய்விடும். குட்டிக் குட்டிப் பழ ஈ மொய்த்தால் மேலே போட்ட குப்பை சருகால் மூடப்படவில்லை என்று அர்த்தம். எறும்பு வந்தால் உள்ளே ஈரம் போதவில்லை, கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி அடித்தால் பச்சைக் கழிவு அதிகம். அழுகின முட்டை நாற்றம் அடித்தால் ஈரம் அதிகமாகிக் காற்றுப் போகவில்லை, கிளறிச் சருகு சேர்த்தால் ஓரிரு நாளில் அடங்கிவிடும். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. அளவு பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

இப்போது குறைகள். முதலில் எடை. பானை நிரம்பிவிட்டால் ஒருவர் தூக்கி மாற்றுவது சிரமம், முதுகுவலி உள்ளவர்களும் வயதானவர்களும் தனியாக முயற்சி செய்ய வேண்டாம். எங்கள் வீட்டில் பானையைத் தூக்குவதே இல்லை, ஒரு கரண்டியால் கீழ்ப் பானைக்கு அள்ளிக் கொட்டுகிறோம், அதே பலன்தான். இரண்டாவது, எனக்கு வந்த செட்டில் நடுப்பானையின் விளிம்பு வீட்டுக்கு வரும்போதே விரிந்திருந்தது. கடையில் சொன்னதற்கு, மண் சாமான் என்றால் அப்படித்தான் இருக்கும், மாற்றித் தர முடியாது என்றார்கள். இவ்வளவு விலைக்கு அந்தப் பதில் நியாயமே இல்லை. மூன்றாவது, கயிற்று வலை. அது சணல், சில மாதத்தில் அதுவும் சேர்ந்து மக்கிவிடுகிறது. மக்க வைக்கும் பானைக்குள் மக்குகிற கயிறைக் கட்டிக் கொடுப்பது சரியான யோசனை அல்ல. அறுந்த பிறகு பழைய நைலான் கயிற்றால் நானே பின்னிக்கொண்டேன். விற்பவர்கள் கூடவே ஒரு மாற்று வலையாவது தர வேண்டும்.

பெரிய சோதனை வடகிழக்குப் பருவமழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பால்கனிக்குள் சாரல் அடித்தால் மண் சுவர் முழுக்க நனைந்துவிடும், நனைந்த சுவரால் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே தள்ள முடியாது. மண் தொட்டியின் பலமே அந்த மூன்று மாதத்தில் பலவீனமாகிவிடுகிறது. சாரல் படாத மூலைக்கு நகர்த்தி, கீழே இரண்டு செங்கல் வைத்து உயர்த்தி, சருகை ஒன்றரைப் பங்காக்கினால் சமாளிக்கலாம். பாலிதீன் போட்டுப் போர்த்தாதீர்கள், காற்று அடைபட்டுவிடும். அடியில் தட்டு வைத்திருந்தால் அதில் தேங்குவதை அன்றன்றே கொட்டிவிடுங்கள், சென்னையில் கொசுவுக்கு அவ்வளவு தண்ணீர் போதும்.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டுக் கேட்பவர்கள் உண்டு. ஜப்பானிய முறையான பொக்காஷி வாளியில் சமைத்தது, அசைவம் எல்லாம் போடலாம், மூடிப் புளிக்க வைப்பதால் நெடியும் குறைவு. ஆனால் புளித்து வருவது உரம் இல்லை, அதை மண்ணில் புதைத்து இன்னும் சில வாரம் விட வேண்டும், மூன்றாவது மாடியில் புதைக்க மண்ணுக்கு எங்கே போவது? தனி வீடும் தோட்டமும் இருப்பவர்களுக்கு அது நல்லது. ஒரே இரவில் உரம் என்று விளம்பரம் செய்யும் மின்சார இயந்திரங்களில் பெரும்பாலானவை குப்பையைச் சூடாக்கி உலர்த்தி அரைக்கின்றன. வருகிற தூள் பார்க்க உரம்போல இருக்கும், நனைந்தால் மறுபடி அழுக ஆரம்பிக்கும், அதுவும் மக்கித்தான் உரமாக வேண்டும். மின்சாரம் செலவழித்துத் தண்ணீரை ஆவியாக்குவதை வெயிலும் மண்ணும் இலவசமாகச் செய்யும் ஊரில் அதற்கு அவ்வளவு பணம் போட நான் சொல்லமாட்டேன்.

உரம் எப்படி? நன்றாக இருக்கிறது. சலித்து, நிழலில் ஒரு வாரம் ஆறவிட்டு, மண்ணோடு மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் கலந்தால் கறிவேப்பிலையும் மல்லிகையும் துளிர் விடுவது கண்ணுக்குத் தெரிகிறது. போட்ட குப்பையின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குதான் கடைசியில் மிஞ்சும், அதனால் உரம் மலைபோல் சேர்ந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். மிஞ்சினால் தெருமரத்தின் அடியில் போடலாம்.

எனக்கு மிகப் பெரிய மாற்றமாகத் தெரிந்தது குப்பைக்கூடையில். ஈரக் குப்பை போனதும் கூடையில் போடும் அந்தக் கறுப்புக் கவரே தேவையில்லாமல் போனது. யோசித்துப் பாருங்கள், குப்பையைப் போடுவதற்காகவே காசு கொடுத்து வாங்கிய ஒரு பிளாஸ்டிக், ஒரே நாளில் அதுவும் குப்பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை, 2021ல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது, கடைக்குப் பை எடுத்துப் போகப் பலர் பழகிவிட்டார்கள், ஆனால் வீட்டுக்குள் இந்தக் கறுப்புக் கவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அப்புறம், ஈரம் படாததால் மற்றதெல்லாம் சுத்தமாகக் கிடக்கிறது. பால் கவரைக் கழுவிக் காயவைத்து, பேப்பர், அட்டை, பாட்டிலோடு பழைய பேப்பர் கடையில் போட்டால் எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே மாதிரிப் பளபளப்பு உறைகளை அவர்களும் தொடமாட்டார்கள், அவை எங்கள் வீட்டில் எவ்வளவு சேர்கின்றன என்பது தனியாகக் கண்ணில் பட்ட பிறகுதான் சாஷே வாங்குவதைக் குறைத்தோம்.

வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, பேட்டரி, பழைய மருந்து போன்ற ஆபத்தானது என்று மூன்றாக. நாப்கினையும் டயப்பரையும் பழைய பேப்பரில் இறுகச் சுற்றி அடையாளம் தெரியும்படி தனியாகக் கொடுங்கள். குப்பை எடுக்கப் பேட்டரி வண்டியில் வருகிறவர்கள் பலர் இன்றும் வெறும் கையால்தான் அதைப் பிரிக்கிறார்கள், அழுகின குழம்போடு கலந்து கொடுப்பது அவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம்.

வாங்கப் போகிறவர்களுக்கு: இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டுக்குச் சின்ன அளவு போதும், ஐந்தாறு பேர் என்றால் பெரியது எடுங்கள் அல்லது கூட ஒரு பானை சேர்த்து வாங்குங்கள். ஆன்லைனில் வேண்டாம், நேரில் போய் ஒவ்வொரு பானையையும் விரலால் தட்டிப் பாருங்கள், விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். மூடி இறுக்கமாக உட்காருகிறதா, காற்றுத் துளைகள் பல்லி புகாத அளவா என்று கவனியுங்கள். உடைந்தால் ஒற்றைப் பானையைத் தனியாக விற்பார்களா என்று பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். தனியாகத் தரமாட்டோம் என்றால் வேறு கடை பாருங்கள், ஏனென்றால் மண் பானை என்றைக்காவது ஒன்று உடையத்தான் செய்யும்.